மூன்று பூஜ்யங்கள்

"யார் யார் இருக்கோம், எங்கெங்க உக்காந்திருக்கோம்னு முதல்ல எழுதும்மா. அது இல்லாம நம்ம வீட்டுக் கடுதாசி தொடங்காது" என்றார் ஒரெஸ்ட்.

லெஸ்யா எழுதினாள். அடுப்புப் பக்கம், அப்பா ஒரெஸ்ட். கதவுப் பக்கம், அடுத்த பண்ணை கோர்டன் மாமா, தொப்பியைக் கழற்றாமல். மேஜையின் தலைப்பக்கம், எழுதுகிறவள். ஜன்னலோர நாற்காலிக்கு வந்ததும் பேனா நின்றது.

"எழுது. ஓல்ஹா நாற்காலி, காலி" என்றார் அப்பா. "உள்ளதைத்தானே எழுதணும்?"

அம்மா ஓல்ஹா போய்ச் சேர்ந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

சற்று முன்புதான் வானொலியில் கோடைக்கான முன்னறிவிப்பு முடிந்திருந்தது. வெயில் வழக்கத்தைவிடக் கூடுதல். வடக்குக் காடுகள் இப்போதே எரிகின்றன. ஜூன் பிறந்ததும் கனடாவின் இந்த சாஸ்காச்சுவான் மாகாணம் முழுக்கப் புகை இறங்கும். ஜூலையில் பலத்த இடிமழை, ஆலங்கட்டி.

முன்னறிவிப்பு வருகிற அன்றே பந்தயக் கடிதம் எழுதுவது அந்த வீட்டு வழக்கம். புகை எத்தனை நாள், இடிமழை எத்தனை நாள், ஆலங்கட்டி எத்தனை தடவை என்று ஆளுக்கு மூன்று எண். எழுதி ஒட்டி, தங்கள் வீட்டு முகவரிக்கே தபாலில் போடுவார்கள். மூன்றாம் நாள் அது திரும்பி வரும். பிரிப்பது அக்டோபர் வான்கோழி விருந்தன்று. தோற்றவர் அத்தனை பாத்திரத்தையும் கழுவ வேண்டும்.

"தபால்ல போடுற வேலையே உன்னால வந்ததுதான்யா. எண்பத்தெட்டுல நம்பரை அழிச்சு எழுதி ஓல்ஹாகிட்ட மாட்டினியே!" என்று அப்பா சீண்டினார்.

"அழிச்சு எழுதலைய்யா, பென்சில் மழுங்கியிருந்துச்சு" என்றார் கோர்டன். "அடுத்த வருஷம் நடந்த அநியாயத்தைச் சொல்லு. உன் வாசல்ல கோழிமுட்டை சைசுக்குக் கட்டி விழுது. அரை மைல் தள்ளி என் வாசல்ல ஒரு பொட்டு இல்ல. ஆனா பாத்திரம் கழுவினது யாரு? நான்!"

"அதுக்குத்தானே அவ சட்டம் போட்டா, அந்தக் கோடையில யார் எங்க குடியிருக்காங்களோ அந்த வாசல்ல விழுறதை மட்டும்தான் எண்ணணும்னு."

லெஸ்யாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஆலங்கட்டி மழை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தலையில் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு தக்காளி நாற்றை மூட ஓடிய அம்மா, மழை விட்டதும் கட்டிகளை வாளி வாளியாக அள்ளி வந்தாள். குளிர் ஏற அவற்றோடு உப்பைக் கலந்து சுற்றிலும் அடைத்து, கைப்பிடி சுற்றும் மரவாளியில் ஐஸ்கிரீம் செய்தாள். கோதுமை பாதி போன துக்கத்திலும் எல்லோரும் இரண்டாவது கிண்ணம் கேட்டார்கள்.

பழைய கடிதங்கள் பிஸ்கட் டின்னில் இருந்தன. முதல் பதினைந்து வருடம் அவற்றில் புகை என்ற சொல்லே இல்லை.

போன ஆகஸ்டில் அந்தப் புகைதான் அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றியது. ஐந்து நாள் ஆக்சிஜன். இன்னொரு கோடை இதே மாதிரி தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லெஸ்யா நாட்டின் மறுகோடியில், கடலோரத்தில் இருப்பவள். நாளைக் காலை விமானத்துக்கு அவள் பையில் இரண்டு டிக்கெட் இருந்தன. தன்னோடு வந்துவிடச் சொல்லி மூன்று நாளாகக் கெஞ்சிவிட்டாள். 'கடலைப் பார்த்துக்கிட்டு நான் என்னத்தைப் பண்ண?' என்பதுதான் ஒவ்வொரு தடவையும் அவர் பதில்.

"என்னோடதை எழுதிக்கோ கண்ணு" என்றார் கோர்டன். "புகை முப்பத்திநாலு, இடி பத்தொன்பது, கட்டி மூணு."

"அப்பா, நீங்க?"

அப்பா ஜன்னலோர நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"புகை பூஜ்யம். இடி பூஜ்யம். கட்டி பூஜ்யம்."

கோர்டன் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "யோவ், ரேடியோ கேட்டியா, தூங்கிட்டியா? பாத்திரம் கழுவ இப்பவே கையுறை வாங்கி வச்சுக்க!"

லெஸ்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணும்ப்பா. காடே எரியுதுங்கறாங்க, நீங்க பூஜ்யம்ங்கறீங்க. இங்கயே கிடந்து மூச்சுத் திணறணும்னு முடிவு பண்ணிட்டீங்க, அதானே?"

"எழுதுறவ எழுதணும். வியாக்கியானம் பண்ணக் கூடாது" என்றார் அப்பா. "கொண்டா, முகவரி நான்தான் எழுதணும்."

எச்சில் தொட்டு உறையை ஒட்டினார். இடது கையால் மறைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையனைப் போல நிதானமாக எழுதினார். கவிழ்த்துத்தான் கொடுத்தார்.

"தபாலாபீஸ் மூடறதுக்குள்ள போட்டுட்டு வா."

ஊருக்குள் போகும் ஆறு மைலும் லெஸ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாள். ஒரு டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும். வீட்டுக்குக் காற்று வடிகட்டும் மெஷின் வாங்கி வைக்க வேண்டும். கோர்டன் மாமாவிடம் தினமும் வந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

தபாலாபீஸில் டோரீன் மட்டும் இருந்தாள். "பந்தயக் கடுதாசியா? கொடு, கொடு" என்று வாங்கி, முத்திரையை ஓங்கியவள் அப்படியே நின்றாள்.

"ஏம்மா, நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து இந்தக் கவர் இங்கேருந்து இங்கயேதானே போகும்? இந்த வருஷம் உங்கப்பா என்ன, வேற எங்கயோ எழுதியிருக்காரு?"

லெஸ்யா எட்டிப் பார்த்தாள்.

'ஒரெஸ்ட் ஹ்னாட்டிவ், மகள் லெஸ்யா வீடு, கடற்கரைச் சாலை, செயின்ட் ஜான்ஸ்.'

முத்திரை 'டக்' என்று விழுந்தது.