மகள் என்ற இடத்தில்

குடும்ப வரலாறு எழுதிக்கொண்டிருந்த தேன்மொழிக்கு, தாத்தா பிழைக்கப் போன நாட்டின் பழைய மக்கள்தொகைக் கணக்கு கணினியில் கிடைத்தது. அம்மா பிறப்பதற்கு முந்தைய வருடத்துப் பதிவு. தாத்தா, ஆச்சி பெயர்களுக்குக் கீழே, மகள் என்ற இடத்தில் பெயரைக் கறுப்பால் மறைத்திருந்தார்கள். ஆவணக் காப்பகத்தில் விசாரித்தபோது, “இன்னும் உயிரோடு இருக்கக்கூடியவர்களின் பெயரை வெளியிட மாட்டோம். இறப்புச் சான்றிதழ் அனுப்புங்கள், திறக்கிறோம்” என்று பதில் வந்தது.

அம்மாவிடம் காட்டினாள். அம்மா திரையில் அந்தக் கறுப்பை விரலால் தொட்டாள்.

“எனக்கு முன்னாடி ஒரு அக்கா. ஊருக்குத் திரும்பக் கப்பலேறும்போதே போயிட்டாள்னு சொல்லுவாங்க.”

“போயிட்டாள்னா? செத்தா போனா?”

“கேட்டா அப்பா அடிப்பாரு. அவ பேரும் சொர்ணவல்லிதான். அதைத்தான் எனக்கு வச்சாங்க.”

தேன்மொழிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. “அப்ப செத்துதான் போயிருப்பா. உயிரோட இருக்கிற பிள்ளை பேரை இன்னொண்ணுக்கு யாரும்மா வைப்பாங்க?”

“அப்படித்தான் நானும் இத்தனை வருஷமா நம்பிட்டிருந்தேன்” என்றாள் அம்மா. “இப்ப நீ தேடுற மாதிரி, அவளும் நம்மளைத் தேடிட்டு வந்தா?”

எழுந்து போய், பட்டப்பகலில் வாசல் கதவைத் தாழிட்டாள். திரும்பி வரவில்லை. கதவில் காதை வைத்தபடி அங்கேயே நின்றாள்.