பன்னிரண்டாவதோடு நின்றவள்

"பன்னெண்டாவதுக்கு மேல படிக்கலியா அம்மிணி?"

இல்லை என்று தலையாட்டினாள்.

இயற்பியலில் வாங்கிய பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி., எம்.ஃபில். எல்லாம் அந்த ஒரு தலையாட்டலில் போயின.

பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவு. நீள மேசைகள், மேலே டியூப்லைட்டுகள். சூப்பர்வைசர் துளசிமணி ஒரு பனியனை அவள் முன் விரித்துப் போட்டாள். கறையோ ஓட்டையோ விட்டுப்போன தையலோ, எதுவானாலும் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் பரீட்சை.

இதற்கு முன் போன கம்பெனிகளில் உண்மையைச் சொல்லியிருந்தாள். இவ்வளவு படித்தவர்கள் நிலைத்து நிற்க மாட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள்.

கல்லூரிகளில் பாடம் நடத்தும் வேலைக்கு இந்தப் படிப்பு போதவில்லை. இங்கே அதிகம்.

அண்ணன் வீட்டில் இருக்கிறாள். இன்றும் வேலை இல்லாமல் திரும்பினால் அண்ணி எதுவும் கேட்க மாட்டாள்.

அதுதான் பயம்.

கழுத்து லேபிளில் ஆங்கில எழுத்துகள். ஒவ்வொன்றாக விரல் வைத்து, மெதுவாகப் படிப்பதுபோல் உதட்டை அசைத்தாள். அப்புறம் துணியைத் தடவிக்கொண்டே போனாள். விரல்கள் ஈரமாகியிருந்தன. கறை வைத்துவிடுமோ என்று சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அக்குளுக்குக் கீழே ஒரு தையல் விட்டிருந்தது.

காட்டினாள்.

"கண்ணு நல்லாருக்குது. நாளைக்கே வந்துரு."

அவளுக்கு மூச்சு வந்தது.

துளசிமணி பனியனை மடிக்கத் தொடங்கினாள். இனி பேசுவதெல்லாம் வேலைக்கு வெளியே என்பதுபோல் அவள் குரல் இறங்கியது.

"எம்பட பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிருக்கறா. காலேஜு போயே தீருவேன்னு அழுவறா. அவங்கப்பன் இங்கயே கூட்டிட்டு வந்துருங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. நீயும் படிக்காதவதான. சொல்லு, படிக்காம உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

ஒண்ணும் இல்லீங்க்கா.

பதில் தயாராக இருந்தது. சின்னப் பதில். சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விடலாம்.

துளசிமணி பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் முகம்.

"அனுப்புங்க்கா."

"ஏனாம்?"

சம்பளத்தைச் சொல்ல முடியாது. வேலையைச் சொல்ல முடியாது. அவளிடம் வேறு ஒன்றுதான் இருந்தது.

"இருட்டு ரூமுங்க்கா. ஒரு மஞ்ச வெளக்கு. கண்ணாடி வெச்ச கொழாயில கண்ண வெச்சு அந்த வெளிச்சத்தப் பாத்தா ஒரே கோடாட்டந்தான் தெரியும். ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தனுங்க. திடீர்னு அது ரெண்டா பிரிஞ்சுது."

துளசிமணியின் கை பாதி மடிப்பில் நின்றது.

"எந்த ரூமு?"