முழுசா ஆடிப் பார்த்தவன்

பழைய வீடியோ கேம் ஒன்றின் லெவல்களை அழித்துவிட்டு என் சொந்த லெவல்களைப் போட்டிருந்தேன். இரண்டு வருட வேலை. வெளியிடும் முன் முதலிலிருந்து கடைசிவரை ஆடிப் பார்க்கும் பொறுப்பை நண்பனிடம் கொடுத்தேன். வேறு யாரையும் நான் நம்பவில்லை.

"முடிச்சிட்டியாடா?"

"பின்னிட்ட மச்சான்! சோறு தண்ணி இல்லாம ஆடி முடிச்சேன்."

"எங்கேயாவது மாட்டிக்கிட்டியா?"

"எட்டாவது லெவல் உயிரை வாங்கிருச்சு. பாவி, உனக்கு ஈவு இரக்கமே இல்லையா?"

"கடைசி லெவல்?"

"கேக்காதே. கண்ணு கலங்கிருச்சு. தைரியமா நெட்ல போடு."

அன்றே போட்டேன். மறுநாள் நூறு பேர் திட்டியிருந்தார்கள். எல்லோரும் மூன்றாவது லெவலிலேயே நின்றிருந்தார்கள்.

அந்த லெவலைத் திறந்து பார்த்தேன். அடுத்த லெவலுக்குப் போகும் கதவையே நான் வைக்கவில்லை. ஒவ்வொரு லெவலையும் தனித்தனியாகத் திறந்து சோதிப்பது என் பழக்கம். அதனால் எனக்குத் தெரியவே இல்லை.

நண்பனுக்கு போன் செய்தேன்.

"மூணாவது லெவலை எப்படிடா தாண்டினே?"

"போடா, அதெல்லாம் ஒரு லெவலா? கண்ணை மூடிக்கிட்டுத் தாண்டினேன்."