வெளித் தாழ்ப்பாள்

கூண்டுக் கதவைக் கால்நடை டாக்டர் மறுபடியும் இழுத்துப் பார்த்தார். அசைந்து கொடுக்கவில்லை.

“அசையாது டாக்டர். நானே பக்கத்துல நின்னு வெல்டிங் வெச்சது. உள்ள இருக்கறது தலைகீழா நின்னாலும் தாழ்ப்பாளைத் தொட முடியாது” என்றார் காண்ட்ராக்டர்.

இதைச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்துவார் மனிதர். இன்று அது முடியவில்லை. உள்ளே இருந்தது அவரும் டாக்டரும்தான்.

ஊசியைப் பார்த்ததும் காண்ட்ராக்டர் வளர்க்கும் ஓநாய் இருவரையும் இடித்துத் தள்ளிவிட்டு வெளியே பாய்ந்திருந்தது. ஸ்பிரிங் கதவு அறைந்து சாத்தியது; வெளித் தாழ்ப்பாள் தானாக விழுந்தது. அடுத்த நொடி அது மதிலைத் தாண்டித் தெருவில் குதித்துவிட்டது.

டாக்டரின் போன் வெளியே மருந்துப் பையில். காண்ட்ராக்டரின் போன் கையிலேயே இருந்தது, விரல்தான் நகரவில்லை.

“போலீஸுக்குச் சொல்லுங்க சார். நாய்னா குலைக்கும், ஜனங்க உஷாராயிடுவாங்க. இது சத்தமே போடாது. குழந்தைங்க ஓடினா துரத்தும்.”

“ஓநாய்னு தெரிஞ்சா என்னைத் தூக்கி உள்ள வெச்சிடுவாங்க.”

“இப்ப மட்டும் எங்க இருக்கீங்களாம்?”

“வெளிநாட்டு நாய்னுதான் தெருவையே நம்ப வெச்சிருக்கேன் டாக்டர். என் பொண்ணுக்கே அப்படித்தான் சொல்லியிருக்கேன்.”

“அவ எங்க?”

“நாலு வீடு தள்ளி. போன மாசம் நம்ம தெரு சங்க செகரட்டரியோட நாய் ஓடினப்ப பிடிச்சுக் குடுத்தாங்களே, அந்த டீச்சர்கிட்ட டியூஷன். அஞ்சரைக்கு விட்டுடுவாங்க. தனியா நடந்து வருவா.”

சொல்லிக்கொண்டே டீச்சருக்குப் போன் போட்டார். மணி ஐந்து இருபது. டீச்சர் எடுக்கவில்லை. தெரு வாட்ஸ்அப் குழுவில் தட்டினார்: ‘எங்க நாய் அவுத்துக்கிட்டு ஓடிடுச்சு. பிள்ளைகளை வெளியே விடாதீங்க.’

“இப்பவும் நாய்தானா?” டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

பத்து நிமிடம் கழித்து கேட் கிரீச்சிட்டது. டியூஷன் டீச்சர். சிரித்துக்கொண்டே வந்து தாழ்ப்பாளைத் தூக்கினார்.

“என்ன சார், நாய் வெளில, நீங்க உள்ளயா?”

“என் பொண்ணு?”

“மெசேஜ் பார்த்தேன். ஒரு பிள்ளையைக்கூட வெளில விடலை.”

காண்ட்ராக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டீச்சரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“உங்க நாயும் பத்திரமா இருக்கு சார். பிள்ளைங்களோட விட்டு, வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் வந்தேன்.”