புளித்த ஏப்பம்

டாக்டர் அவனிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவன் மனைவியே பதில் சொன்னாள்.

ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்? ஊர் அடங்கிய பிறகு. சாப்பிட்டதும் என்ன செய்வார்? கை ஈரம் காய்வதற்குள் கட்டையைச் சாய்த்துவிடுவார். அப்புறம்? அப்புறம் விடிய விடியப் புளித்த ஏப்பம்தான். அது என்ன சத்தம் என்று மேல்வீட்டுக்காரர்களே விசாரித்துவிட்டார்கள்.

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தான். லிப்ட் மெக்கானிக், மாலை ஷிப்ட். நடுவழியில் சிக்கிக்கொண்ட யாரையும் பத்திரமாகக் கீழே இறக்கிவிடுவான் என்று பெயர் வாங்கியவன்.

தான் விழுங்கியதைக் கீழே இறக்கத்தான் துப்பில்லை என்றாள் அவள்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். சாப்பிட்டவுடன் படுத்தால் வயிற்றிலிருக்கும் அமிலம் மேலே ஏறி வரும். நெஞ்சு எரியும். படுப்பதற்குச் சில மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும்.

இதைத்தான் வருஷக்கணக்காக அவளும் கரடியாகக் கத்துகிறாள். அவள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கவில்லையே, யார் கேட்பார்கள்?

டாக்டர் அவன் எடையைப் பார்த்தார். சில மாதங்களில் ஏகத்துக்கு ஏறியிருந்தது. நேரம் மட்டும்தான் கோளாறா, அளவும் அதிகமா என்று இந்த முறை அவன் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"ரெண்டு தடவை சாப்பிடறேன் டாக்டர். வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை."

அதற்குள் நர்ஸ் வந்து கூப்பிட, டாக்டர் பக்கத்து அறைக்குப் போனார்.

அவள் ஏளனமாகச் சிரித்தாள். அவன் வரும்வரை அவள் வெறும் வயிற்றோடு காத்திருப்பாளாம். துரை எங்கேயோ மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு வந்து, பசித்தவன் மாதிரி எதிரே உட்காருவாராம். நடிக்கவே போயிருக்கலாம். எவள் வடித்துக் கொட்டுகிறாள் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உங்கப்பா."

கிரீஸ் கைக்காரனைக் கட்டிக்கொண்டவள் தன் வாசலை மிதிக்கக் கூடாது என்றவர். அம்மா செத்த அன்றுகூட அவளுக்குக் கதவைத் திறக்காதவர்.

மழைக்காலத்தில் ஒரு கட்டடத்தில், சிக்கிய லிப்டைத் திறந்தபோது உள்ளே அவர்தான் நின்றிருந்தாராம். நன்றி சொல்ல வாய் வரவில்லை. மேலே என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று அதட்டினாராம். மறுநாளும் அதே அதட்டல். அவன் போகாத நாளில் அவர் அடுப்பையே மூட்டுவதில்லை என்று அந்தக் கட்டடத்துக் காவலாளி சொன்னாராம். அதனால்தான் தினமும் போகிறான். வெந்ததும் வேகாததுமாக எதையோ தட்டில் தள்ளிவிட்டு, அவன் மெல்லுகிற அழகைப் பழித்துக்கொண்டே அவரும் சாப்பிடுவாராம்.

அந்த மனுஷனுக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியாதே, அதைத் தின்றால் ஏப்பம் வராமல் வேறென்ன வரும் என்றாள்.

"தினம் மூணு தட்டு எடுத்து வைக்கறார். ஒண்ணு சும்மாவே கிடக்கும். யாருக்குன்னு நான் கேக்கலை."

எண்ணக்கூடத் தெரியாத மனுஷன் என்று முணுமுணுத்தாள் அவள்.

டாக்டர் திரும்பி வந்ததும், வயசானவர்கள் ராத்திரி எத்தனை மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று அவரிடம் கேட்டாள்.