உப்புக்குச் சப்பாணி

“எந்த டீம்னு சொன்னே? இன்னொரு தடவை சொல்லு.”

கீரையைப் பரிமாறிக்கொண்டிருந்த வெர்னீஸின் கை அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மேஜையில் மூன்று பேர்தான். அவள், அமெரிக்கக் கால்பந்து அணியொன்றில் தற்காப்பு ஆட்டத்துக்குப் பயிற்சியாளராக இருக்கும் அவள் கணவர் லமான்ட், அவரிடம் ஏழு வருஷமாக உதவியாளனாக இருக்கும் டேரியஸ்.

டேரியஸ் அந்த அணியின் பெயரை மறுபடியும் சொன்னான். வெர்னீஸுக்குச் சுர்ரென்று ஏறியது.

போன மாதம் லமான்டைக் கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்திய அதே அணி.

தலைமைப் பயிற்சியாளரை நியமிப்பதற்கு முன்னால், கறுப்பர் போன்ற சிறுபான்மையினர் சிலரையாவது நேரில் கூப்பிட்டுப் பேசியாக வேண்டும் என்பது லீக்கின் விதி. அந்த அணி முதலாளியோ தன்னோடு கோல்ஃப் ஆடும் வெள்ளைக்காரன் ஒருவனை எப்போதோ முடிவு செய்துவிட்டார். டிவியிலேயே அவன் பெயரைச் சொல்லிவிட்டார்கள். அதற்கு அப்புறம்தான் லமான்டுக்கு விமான டிக்கெட் வந்தது.

போகாதே என்று வெர்னீஸ் தலைபாடாக அடித்துக்கொண்டாள். மனுஷன் கேட்டால்தானே? இருப்பதில் நல்ல கோட்டாகப் பார்த்து மாட்டிக்கொண்டு, அட்லாண்டாவிலிருந்து அந்த வடக்கத்திப் பனிக்குள் போய், அரை நாள் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். அவர் வீட்டுக்குள் கால் வைப்பதற்குள் கோல்ஃப்காரனின் நியமனம் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. எவ்வளவு திமிர் இருக்க வேண்டும்!

இப்போது இந்த டேரியஸ், அங்கேயே வேலை கிடைத்துவிட்டதென்று கேக்கோடு வந்து நிற்கிறான்.

“தற்காப்பு ஆட்டம் முழுக்க இனிமே என் பொறுப்பு, மிஸ் வெர்னீஸ். கோச் இங்கே பார்க்கிற அதே வேலை” என்றான் டேரியஸ். சந்தோஷத்தை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை.

“இவரை அவங்க எப்படி நடத்தினாங்கன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் போறியா?”

“என்னை ஒண்ணும் விதிக்காகக் கூப்பிடலை. என் வேலையைப் பத்திக் கேள்விப்பட்டு அவங்களாவே தேடி வந்தாங்க.”

“ஓஹோ! அப்போ இவரு வேலை தெரியாதவரா?”

“விடு வெர்னீஸ்” என்றார் லமான்ட். “அவன் திறமைக்குத்தான் கிடைச்சிருக்கு.”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் டேரியஸுக்கு ரொம்ப நாளாகவே உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டிருந்தது போல.

“கோச், நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. நீங்க அங்க போயிருக்கவே கூடாது. இது எத்தனாவது தடவை? கூப்பிட்டாப் போதும், ஓடிப் போய் உப்புக்குச் சப்பாணியா உட்கார்ந்துட்டு வர்றீங்க. உங்களை மாதிரி ஆளுங்க போறதாலதான் அவனுங்க இந்த நாடகத்தை நடத்துறானுங்க. நம்ம ஆளுங்களே சிரிக்கிறாங்க கோச். எனக்கு வயிறு எரியுது. நானா இருந்தா டிக்கெட்டைக் கிழிச்சு மூஞ்சியில எறிஞ்சிருப்பேன்.”

லமான்ட் தட்டிலிருந்து நிமிரவில்லை. “கறி நல்லா வெந்திருக்கு. ஆறிடப் போகுது, சாப்பிடு” என்றார்.

வெர்னீஸ் கரண்டியை மேஜையில் அடித்தாள். கீரை தெறித்தது.

“எழுந்திரு!”

“மிஸ் வெர்னீஸ்...”

“எழுந்திருடா! ஏழு வருஷமா இந்த மேஜையில தின்ன வாய்டா அது. உன்னை யாருமே சீண்டாதப்ப, இவன் எனக்கு வேணும்னு நம்ம டீம் முதலாளிகிட்ட சண்டை போட்டு வேலைக்கு எடுத்தவர் இவர். இவர் மூஞ்சியில துப்பினவன்கிட்டயே வேலைக்குப் போறே. போற வழியில நீயும் ஒரு தடவை துப்பிட்டுப் போகலாம்னு வந்தியா? உன் கேக்கையும் தூக்கிக்கிட்டுக் கிளம்பு!”

டேரியஸின் முகம் சுண்டிவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். கேக்கை எடுக்கவில்லை.

“நான் உண்மையைத்தான் சொன்னேன்” என்றான்.

லமான்ட் வாசல் வரை அவன் கூடவே போனார். “அங்க பனி ஜாஸ்தி. முதல்ல நல்ல பூட்ஸ் ஒண்ணு வாங்கிக்கோ. போனதும் போகாததுமா பசங்களைப் போட்டு விரட்டாதே” என்றார்.

அவன் காரில் ஏறினான்.

அவர் திரும்பி வருவதற்காகவே காத்திருந்தாள் வெர்னீஸ்.

“பூட்ஸா? அவன் உன்னைச் செருப்பால அடிக்காத குறையாப் பேசிட்டுப் போறான், நீ பூட்ஸ் வாங்கிக்கோன்னு அனுப்பி வைக்கிறே! உனக்கு ரோஷமே கிடையாதா லமான்ட்?”

அவர் மேஜையில் சிந்திய கீரையைத் துடைத்தார்.

“அவன் நன்றி கெட்டவன்தான். ஆனா அவன் கேட்டதுல தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரியுது.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “வேலை உனக்கு இல்லைன்னு தெரியும். அவங்களுக்கும் தெரியும். பத்து நிமிஷத்துல எழுந்து வந்திருக்க வேண்டியதுதானே? எதுக்காக அரை நாள் அங்கயே உட்கார்ந்திருந்தே? அப்படி என்னதான் பேசினே அவங்ககிட்ட?”

வெளியே டேரியஸின் கார் தெருமுனையில் திரும்புகிற வரை லமான்ட் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தாடை இறுகியிருந்தது.

“என்னைப் பத்தி அவங்க ஒரு கேள்விகூடக் கேட்கலை, வெர்னீஸ். அதனால அவனைப் பத்திப் பேசிட்டு வந்தேன்.”