பதினைந்து நாள் அவகாசம்

தாய்க்குரங்கு மின்கம்பியில் அடிபட்டுச் செத்தது. தன் குட்டிகளை லாரிக்குப் பறிகொடுத்திருந்த செவலை நாய், அதன் குட்டிக்குப் பால் கொடுத்தது. மறுநாள் குரங்குக் கூட்டத்தின் தலைவர் வந்தார்.

“முறைன்னு ஒண்ணு இருக்கும்மா. சொந்தக்காரங்க யாராவது கேட்டு வர்றாங்களான்னு பதினைந்து நாள் பார்க்கணும். அதுவரைக்கும் குட்டி எங்க பொறுப்பு.”

“அது எதைக் குடிக்கும், ஐயா?”

“கொய்யா கொடுப்போம்.”

“இன்னும் பல்லே முளைக்கலையே!”

“எல்லாக் குட்டிக்கும் கொய்யாதான். உனக்காகச் சட்டத்தை மாத்த முடியுமா?”

தலைவர் குட்டியைத் தூக்கிக்கொண்டு மரமேறினார். யாரும் கேட்டு வரவில்லை. நாய் தினமும் மரத்தடியில் நின்றது. மேலே குட்டியின் அழுகை மெலிந்துகொண்டே வந்தது. நாயின் மடி வற்றியது.

பதினாறாம் நாள் தலைவர் இறங்கி வந்து மடியை அழுத்திப் பார்த்தார்.

“பால் குடிக்கிற குட்டியைப் பால் இல்லாதவகிட்ட எப்படிம்மா கொடுக்கிறது?”